தப்பு நோட்டிலேயே இருக்கட்டும், அழிக்காதீர்கள்

நான் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். திங்கட்கிழமை ஒரு வீட்டுப்பாடத் தாள் கொடுப்போம், வெள்ளிக்கிழமை காலையில் நோட்டை வாங்குவோம். கொஞ்சம் கணக்கு, சொல்வதெழுதுதலுக்குப் பத்துச் சொல், சத்தமாக வாசிக்க ஒரு பக்கம். வாரம் முழுமைக்கும் அவ்வளவுதான். அந்த நோட்டுகளைத் திருத்த உட்காரும்போது எனக்கு அதிகமாகக் கவலை தருவது எது தெரியுமா? ஒரு தப்புகூட இல்லாத நோட்டு.

எல்லாப் பிள்ளைகளையும் சொல்லவில்லை. சிலர் நிஜமாகவே எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிடுவார்கள். நான் சொல்வது, வகுப்பில் கரும்பலகை முன்னால் வந்து நின்றால் தடுமாறுகிற பிள்ளையின் நோட்டைப் பற்றி. அதில் ரப்பர் வைத்து அழுத்தி அழித்துத் தாளே தேய்ந்துபோயிருக்கும். அந்தத் தேய்ந்த இடத்தின் மேல் சரியான விடை எழுதியிருக்கும். அந்த விடை யாருடையது என்று எனக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 52-இல் 37 போனால் எவ்வளவு? பிள்ளை 25 என்று எழுதுகிறது. பார்த்ததும் நமக்குப் 'கவனமே இல்லை' என்று தோன்றும். ஆனால் அது போட்ட விதத்தைப் பாருங்கள். ஒன்றுகள் இடத்தில் மேலே 2, கீழே 7. இரண்டில் ஏழு போகாது. அதனால் திருப்பிப்போட்டு, ஏழில் இரண்டு போக ஐந்து. பத்துகள் இடத்தில் ஐந்தில் மூன்று போக இரண்டு. ஆக 25. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முன்பு நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அது அப்படியே கடைப்பிடித்திருக்கிறது. பக்கத்து இடத்திலிருந்து ஒரு பத்தைக் கடன் வாங்கி உடைக்கலாம் என்பது மட்டும் இன்னும் அதற்குப் பிடிபடவில்லை. அதே பிள்ளையிடம் 64-இல் 28 போகச் சொன்னால் 44 என்று எழுதும். 81-இல் 46 போகச் சொன்னால் 45 என்று எழுதும். இந்த மூன்று தப்பு விடைகளையும் வரிசையாகப் பார்த்தால் போதும், எந்த இடத்தில் சிக்கல் என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிடும். மறுநாளே பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டி வைத்து, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டி, அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்துவிடுவேன்.

வீட்டில் நடப்பது வேறு. 'என்னடா இது, பதினஞ்சு இல்ல வரணும்? அழி, அழிச்சுட்டு ஒழுங்கா எழுது.' பிள்ளையும் அழித்துவிட்டுப் 15 என்று எழுதும். அடுத்த இரண்டு கணக்குக்கும் இதே கதைதான். நோட்டு என் கைக்கு வரும்போது மூன்றுக்கும் சரி போடுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து உடம்புச் சூட்டை இறக்கிவிட்டு, அப்புறம் டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டுவது போன்றது இது. நான் 'பரவாயில்லை, புரிந்துகொண்டுவிட்டது' என்று நினைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். மூன்று இலக்கக் கழித்தல் வரும்போதுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் அந்தப் பிள்ளை 'எனக்குக் கணக்கு வராது மிஸ்' என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கும். எட்டு வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி அப்படி ஒரு முடிவுக்கு வந்துவிடுவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை.

அப்படியென்றால் பெற்றோர் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. பக்கத்தில் உட்காருங்கள். கேள்வியைப் பிள்ளையையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பாதித் தப்புகள் கேள்வியைச் சரியாக வாசிக்காததால் வருபவை. விடை எழுதியதும், அது சரியோ தப்போ, முகத்தில் எதையும் காட்டாமல், 'இதை எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள். சரியான விடைக்கும் இதைக் கேட்க வேண்டும். தப்புக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே பல பிள்ளைகள் தாமாக நிறுத்தி, 'இரு, இரு, தப்பாப் போட்டுட்டேன்' என்று ரப்பரை எடுப்பார்கள். அந்த அழித்தல் நல்லது, ஏனென்றால் அது அவர்கள் அழித்தது. சொல்லி முடித்த பிறகும் 25-தான் சரி என்று பிள்ளை நினைத்தால், 25 என்றே இருக்கட்டும். ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு அனுப்புங்கள்.

இன்னொன்றையும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பெற்றோரின் கணக்குப் பயம் பிள்ளைக்குத் தொற்றுகிறது. அமெரிக்காவில் எரின் மலோனி, ஷான் பைலாக் முதலிய ஆய்வாளர்கள் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 400-க்கும் மேற்பட்டவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் ஒரு கல்வியாண்டு முழுக்கப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கணக்கு என்றாலே பதற்றப்படுகிற பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவி செய்த வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டு கணக்கில் கற்றது குறைவு, ஆண்டு முடிவில் அவர்களுடைய பயமும் அதிகம். அதே அளவு பயமுள்ள பெற்றோர் அவ்வளவாகத் தலையிடாத வீடுகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. அதனால், கணக்கு நோட்டைத் திறந்ததும் உங்களுக்குக் குரல் உயர்கிறது, வியர்க்கிறது என்றால் தயவுசெய்து சொல்லிக்கொடுக்க முயல வேண்டாம். 'எனக்கும் சின்ன வயசுல கணக்கு வராது' என்று ஆறுதலுக்காகக்கூடப் பிள்ளை காதுபடச் சொல்ல வேண்டாம். 'நீ போட்டு முடி, நான் இங்கேதான் இருக்கேன்' என்பது போதும்.

வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஏன் கொடுக்கிறோம், தினமும் கொடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டு நிலைமைக்கு ஏற்றபடி நீங்கள் பிரித்துக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான். ஆனால் பாதி வீடுகளில் வியாழக்கிழமை ராத்திரிதான் அந்தத் தாள் பையிலிருந்தே வெளியே வருகிறது. தூக்கக் கண்ணோடு பத்துச் சொல்லையும் பத்துப் பத்துத் தடவை எழுதிவிட்டு, வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதலில் பத்துக்குப் பத்து வாங்கி, அடுத்த புதன்கிழமை அதே சொல்லைக் கட்டுரையில் தப்பாக எழுதும் பிள்ளைகள் எத்தனையோ பேர். இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமில்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து 1885-இல் எழுதிவைத்திருக்கிறார்: ஒரே மூச்சில் 68 முறை திரும்பச் சொன்னதால் கிடைத்த பலன், மூன்று நாளுக்குப் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே கிடைத்துவிட்டது. ஏறக்குறைய பாதி உழைப்பு மிச்சம்.

ஆகவே திங்கட்கிழமையே தாளை எடுத்துக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். எதை எந்த நாளில் செய்வது என்று பிள்ளையே குறித்துக்கொள்ளட்டும். சொல்வதெழுதுதலுக்குப் பத்துத் தடவை எழுதுவதெல்லாம் வேண்டாம். 'பள்ளி' என்ற சொல்லைப் பார்க்கட்டும், கையால் மூடட்டும், பார்க்காமல் எழுதட்டும், திறந்து தானே சரிபார்க்கட்டும். ல, ள, ழ குழப்பமெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதினால் போவதில்லை. நினைவிலிருந்து எடுத்து எழுதும்போதுதான் எந்த எழுத்தில் சந்தேகம் என்று பிள்ளைக்கே தெரியும். இன்று தப்பான மூன்று சொல்லை மட்டும் நாளை மறுநாள் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

எவ்வளவு நேரம் உட்கார வைப்பது? வீட்டுப்பாடம் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் ஒரு வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கைத்தான் ஏற்கிறார். மூன்றாம் வகுப்பு என்றால் நாளொன்றுக்கு முப்பது நிமிடம், அதுவும் உச்ச வரம்பு. 2006-இல் அவரும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு உயர் வகுப்புகளில் இருந்த அளவுக்குத் தொடக்க வகுப்புகளில் இல்லை. ஆசிரியராக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்: உங்கள் பிள்ளையின் எதிர்காலம் இந்த வாரத் தாளில் இல்லை. முப்பது நிமிடம் ஆனதும் மூடி வைத்துவிடுங்கள், முடியாவிட்டாலும் சரி. அழுதுகொண்டே முடித்த கடைசி நாலு கணக்கால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

ஆனால் வாசிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேரமில்லாத நாளில் மற்றது எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடுங்கள், சத்தமாக வாசிக்கும் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் வேண்டாம். பிள்ளை ஒரு சொல்லில் திக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலும் தானே கூட்டி வாசித்துவிடும். இல்லையென்றால் முதல் எழுத்தின் ஒலியை மட்டும் சொல்லுங்கள். பக்கம் முடிந்ததும் 'அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிற?' என்று ஒரு கேள்வி. அவ்வளவு போதும், பரீட்சை மாதிரி ஆக்க வேண்டாம்.

இதையெல்லாம் நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 'எங்களுக்குப் படிப்பு வராது மிஸ், நாங்க எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது' என்று கூனிக்குறுகி நிற்கிற பெற்றோரைத் தொடர்ந்து பார்க்கிறேன். விடை சொல்லித் தருவதுதான் உதவி என்று எல்லோரும் சேர்ந்து அவர்களை நம்பவைத்திருக்கிறோம். அப்படி இல்லை. எழுத்துக்கூட்டத் தெரியாத ஓர் அம்மா, 'இன்னைக்கு என்ன படிச்சே, எனக்கும் சொல்லிக் கொடு' என்று பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்தால், அதைவிடப் பெரிய வீட்டுப்பாட உதவி கிடையாது. சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் பிள்ளை முதலில் தனக்குள் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும், தெரியாத இடம் அப்போதுதான் தெரியும். பட்டம் வாங்கிய அப்பா விடையை வரிசையாகச் சொல்ல, பிள்ளை எழுதிக்கொண்டு போகிற வீட்டைவிட இந்த வீட்டுப் பிள்ளை அன்று அதிகம் கற்றிருக்கும்.

வாட்ஸ்அப் குரூப்பில் முடித்த பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அடுத்த நாள் ஒரே மாதிரி விடையும், சில சமயம் ஒரே மாதிரி தப்பும் என் மேஜையில் வந்து குவிகின்றன.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லியே ஆக வேண்டும். தப்போடு வரும் நோட்டைப் பார்த்து எல்லோர் முன்னாலும் பிள்ளையைத் திட்டுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எட்டு வயசுப் பிள்ளையால் செய்யவே முடியாத அட்டை மாதிரிகளை பிராஜெக்ட் என்று கொடுத்து, ராத்திரி பதினொரு மணிக்குப் பெற்றோரை கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார வைப்பதும் நாங்கள்தான். அப்படி நடந்தால் வந்து கேளுங்கள், தயங்காதீர்கள். நோட்டு சுத்தமாக இருந்தால்தான் திட்டு விழாது என்று இருக்கும் வரை எந்த அம்மாவும் ரப்பரைக் கீழே வைக்க மாட்டார், அது எனக்குப் புரிகிறது.

இந்த வாரம் நோட்டு அனுப்பும்போது, கடைசிப் பக்கத்தின் அடியில் உங்களுக்கு வருகிற மொழியில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். எழுத வராதென்றால் பள்ளி வாசலில் வாயால் சொன்னாலும் போதும். 'கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் இருபது நிமிஷம் உட்கார்ந்தாள், பிடிபடவில்லை. அவள் போட்டதை அப்படியே விட்டிருக்கிறேன்.' முப்பது நோட்டு திருத்தும்போது இப்படி ஒரு குறிப்பு கண்ணில் பட்டால், முதல் வேலையாக அந்தப் பிள்ளையைத்தான் பக்கத்தில் கூப்பிடுவேன்.