பெட்டியின் பின்பக்கம்

பக்கத்து வீட்டு அக்காவின் வரவேற்பறையில் 38 பெட்டிகள் அடுக்கிக் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே முகம். திரையில் நாம் எல்லாரும் பார்த்துப் பழகிய முகம். அந்தப் பிரபலம் சொந்தமாகத் தொடங்கிய நிறுவனத்தின் முகக் கிரீம் அது. செம்பனைத் தோட்டத்து நாற்றங்காலில் வேலை பார்த்துச் சேர்த்த 1,800 வெள்ளியைக் கட்டி, 60 பெட்டிகள் வாங்கி, அக்கா முகவரானார். 22 பெட்டிகள் விற்றன. அதில் ஒன்றை வாங்கியவள் என் தங்கை மகள்.

பத்தாம் நாள் அவள் கன்னமெல்லாம் சிவந்து தோலுரிந்தது. கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்டது, "பெட்டி எங்கே?" எடுத்துப் போய்த் திருப்பிப் பார்த்தோம். தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, எண் எதுவும் இல்லை. முன்பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தவரின் முகநூல் பக்கத்தில் போய்க் கேட்டோம். கேள்வியை அழித்தார்கள். மறுபடி கேட்டபோது எங்களைத் தடுத்துவிட்டார்கள்.

இப்போது அக்காதான் வீடு வீடாகப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு மனம் ஆறாதது இதில்தான். பிரபலத்தின் முகம் ஆசையைக் கிளப்பியது உண்மை. ஆனால் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் பணப்பையைத் திறக்க வைத்தது அக்காவின் முகம். தோட்டத்து மளிகைக் கடையில் 555 என்ற சிறு கணக்குப் புத்தகத்தில் கடன் எழுதி வாங்கி வளர்ந்தவர்கள் நாம். கடைக்காரரை நமக்குத் தெரியும், அவருக்கு நம் அப்பாவைத் தெரியும். அரிசியில் கல் இருந்தால் மறுநாளே போய்க் கேட்கலாம். தெரிந்த முகத்தை நம்புவது அப்படி வந்த பழக்கம். நேரலையில் தன் சமையலறையைக் காட்டி, பிள்ளையைக் கொஞ்சி, பட்ட கஷ்டத்தைச் சொல்லிக் கண்ணீர் விட்டு, கடைசியில் கிரீமை எடுத்துக் காட்டும்போது, அவரும் நமக்குத் தெரிந்தவர் ஆகிவிடுகிறார். நம்மை அவருக்குத் தெரியாது என்பது கன்னம் எரியும்போதுதான் உறைக்கிறது.

முகத்தைக் காட்டி வணிகம் செய்வதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. டோனி பெர்னாண்டஸ் 2001இல் ஏர் ஏசியாவை ஒரு வெள்ளிக்கு வாங்கினார். கூடவே வந்தது ஏறத்தாழ 40 மில்லியன் வெள்ளி கடன். விமானம் இரண்டே இரண்டு. விளம்பரத்துக்குக் கொட்ட ஏது பணம்? சிவப்புத் தொப்பியோடு தானே விளம்பரமாக நின்றார். அவரோடு கட்டிய பந்தயத்தில் தோற்ற பிரிட்டிஷ் தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சன், 2013 மே மாதம் பெர்த்திலிருந்து கோலாலம்பூர் வந்த ஏர் ஏசியா விமானத்தில் பணிப்பெண் சீருடையும் உதட்டுச் சாயமுமாகப் பரிமாறினார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் படத்தைப் போட்டன. அத்தனை இடத்தையும் காசு கொடுத்து வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்! ஆனால் கூத்துக்குப் பின்னால் ஒரு பண்டம் இருந்தது. 2008 டிசம்பரில் திருச்சிக்குச் சேவை தொடங்கியது. அதுவரை விமான நிலையத்துக்கு வழியனுப்ப மட்டுமே போன என் அப்பா, அதில் ஏறித்தான் தன் தாத்தாவின் ஊரைப் பார்த்தார்.

பாடகி ரிஹானாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் தன் ஒப்பனைப் பொருள்களைக் கொண்டுவந்தபோது, முகப்பூச்சை 40 நிறச் சாயல்களில் கொண்டுவந்தார். கறுத்த தோலுக்கும் அதில் இடம் இருந்தது. மருந்துக்கடைக் கண்ணாடிமுன் நின்று, கையின் பின்புறத்தில் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறதே என்று வைத்துவிட்டு வந்த பெண்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நானும் அப்படி வந்தவள்தான். நம்மிடம் வரும் பெட்டிகளோ அந்த நிறத்தையே குற்றமாக்கி விற்கப்படுகின்றன.

பெயரை மட்டும் விற்பதும் உண்டு. குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மனின் பெயரைக் கிரில் அடுப்பில் நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமைக்கு 1999இல் ரொக்கமும் பங்குமாக 137.5 மில்லியன் டாலர் கொடுத்தார்கள். ஒரு பெயருக்கு அவ்வளவு விலை என்றால், அந்தப் பெயரை நம்பி வாங்குகிறவனுக்கு அதில் ஒரு பாத்தியதை இல்லையா?

நம் ஊர்க்காரர் ஒருவரும் தன் முகத்தைக் காட்டிப் பணம் கேட்டிருக்கிறார். துன் வீ. தி. சம்பந்தன். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகப் போனார். பங்கு 100 வெள்ளி, மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். பால்மரம் வெட்டிய என் தாத்தா சங்கத்தின் பெயருக்காகக் கட்டவில்லை, சம்பந்தன் கேட்டார் என்று கட்டினார். அந்தப் பணத்தில் 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தாத்தாவின் ரசீது இன்னும் அம்மாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மையெல்லாம் மங்கிவிட்டது. ஆனால் சங்கத்தின் பெயரும் முகவரியும் தெளிவாகத் தெரிகின்றன.

மலேசியாவில் எந்த ஒப்பனைப் பொருளையும் விற்குமுன், சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவிடம் அறிவித்து எண் பெறவேண்டும். என், ஓ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் அந்த எண் தொடங்கும். எண் இருந்தாலே போதும் என்றும் நினைக்காதீர்கள். பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டு அறிவிப்பு ரத்தான கிரீம்களின் பட்டியலை அமைச்சு அவ்வப்போது வெளியிடுகிறது. பாதரசம் தோலின் நிறமியை அடக்கிச் சீக்கிரம் வெளுக்க வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்தப் பிரிவின் இணையதளத்தில் பொருளின் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம். இரண்டு நிமிட வேலை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் அந்தப் பெட்டிகளைப் பற்றிப் புகார் எழுத உட்காருகிறோம். இங்கே வேறு யாராவது இதேபோல் முகவராகிப் பணம் கட்டியிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பெட்டியின் பின்பக்கத்தைப் படமெடுத்து எனக்குப் புலனத்தில் அனுப்புங்கள். பணம் கட்டிய ரசீது இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.