கௌசிகனின் உண்மையும் தருமரின் பொய்யும்

உண்மை பேசியதற்காக நரகத்துக்குப் போனவரும் மகாபாரதத்தில் உண்டு; பொய் சொன்னதற்காக நரகத்தைப் பார்த்துவிட்டு வந்தவரும் உண்டு. நம் ஆட்கள் முதல் ஆளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, "நல்லதுக்காகப் பொய் சொன்னால் தப்பில்லை, கிருஷ்ணரே சொல்லியிருக்கார்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கிருஷ்ணர் அதைச் சொன்ன இடம் கர்ண பருவம். போரின் 17ஆம் நாள். கர்ணனிடம் செமத்தியாக அடிவாங்கிப் பாசறைக்குத் திரும்பியிருக்கிறார் தருமர். பார்க்க வந்த அர்ஜுனன் இன்னும் கர்ணனைக் கொல்லவில்லை என்று தெரிந்ததும், "உன் காண்டீவ வில்லை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு" என்று திட்டிவிடுகிறார். அப்படிச் சொல்பவனைக் கொல்வதாக அர்ஜுனனுக்கு ஒரு சபதம் இருக்கிறது. சபதம் சபதம்தானே என்று அண்ணன் மீதே வாளை உருவுகிறான்.

அவனைத் தடுத்து நிறுத்திக் கிருஷ்ணர் சொல்வதுதான் கௌசிகன் கதை. ஆறுகள் கூடும் இடத்தில் வாழ்ந்த தவசி. எப்போதும் உண்மைதான் பேசுவது என்று விரதம். கொள்ளையருக்குப் பயந்து சிலர் காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள். துரத்தி வந்தவர்கள், இவர் பொய் சொல்லமாட்டார் என்று தெரிந்தே இவரிடம் வழி கேட்கிறார்கள். சொல்லிவிடுகிறார். ஒளிந்திருந்தவர்கள் செத்தார்கள், கௌசிகன் நரகம் போனான்.

இதே சிக்கல் ஜெர்மனியிலும் எழுந்தது. கொலைகாரன் வீட்டு வாசலில் நின்று "உன் நண்பன் உள்ளே இருக்கிறானா?" என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் இம்மானுவேல் காண்ட் எழுதினார். நீ "இல்லை" என்று சொல்ல, நண்பன் அதற்குள் பின்வாசல் வழியாக வெளியேறியிருந்து, தெருவில் கொலைகாரனிடம் மாட்டிக்கொண்டால் அந்தப் பழியில் உனக்கும் பங்குண்டு என்பது அவர் வாதம். காண்ட் பெரிய மூளைதான். ஆனாலும் கௌசிகனின் ஆசிரமத்தில் அவருக்கு ஓர் இடம் நிச்சயம் உண்டு.

ஆனால் கிருஷ்ணர் சொன்னதில் நாம் வசதியாகத் தாண்டிப்போகும் ஒரு வரி இருக்கிறது. பேசாமல் இருந்து தப்பிக்க முடியுமென்றால் வாயே திறக்காதே. பேசியே ஆகவேண்டும், அல்லது பேசாமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்ற நிலை வந்தால் மட்டும் பொய் சொல்லலாம் என்கிறார். அதாவது முதலில் மௌனம், வேறு வழியே இல்லாதபோதுதான் பொய். அதுவும் கௌசிகன் சொல்லியிருக்க வேண்டிய பொய்யால் கௌசிகனுக்கு ஒரு லாபமும் கிடையாது. பிழைப்பது வேறு யாரோ.

தருமர் சொன்ன பொய் அப்படியா? துரோணர் விழுந்தது அதற்கு இரண்டு நாள் முன்பு, 15ஆம் நாள். துரோணரின் மகன் பெயர் அசுவத்தாமன். அதே பெயருள்ள ஒரு யானையைப் பீமன் கொல்கிறான். "அசுவத்தாமன் செத்தான்" என்று உரக்கச் சொல்லி, "யானை" என்பதை முணுமுணுக்கிறார் தருமர். மகன்தான் செத்தான் என்று நம்பித் துரோணர் ஆயுதத்தைக் கீழே போடுகிறார். இதையும் சொல்ல வைத்தது கிருஷ்ணர்தான். ஆனால் பொய்யால் ஜெயிப்பவர் பொய் சொன்னவரே. வியாசர் அவரைச் சும்மா விடவில்லை. பூமியைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய தேர் அன்றைக்குத் தரைக்கு வந்துவிட்டது. வாலியைக் கொன்றதால் ராமனுக்கு வந்த பழி போல இந்தப் பழியும் நிற்கும் என்று தம்பி அர்ஜுனனே முகத்துக்கு நேரே சொல்கிறான். கடைசியில் சொர்க்கத்துக்குப் போன இடத்தில் தருமருக்கு முதலில் காட்டப்பட்டது நரகம். துரோணரை ஏமாற்றியதற்காகத்தான் இது என்று இந்திரனே விளக்கம் கொடுக்கிறான்.

ஆகவே, யாருக்காகப் பொய் என்பதை மகாபாரதம் கறாராகவே பார்க்கிறது. "பொய்ம்மையும் வாய்மை யிடத்த" என்று மேற்கோள் காட்டுபவர்கள் அடுத்து வரும் "புரைதீர்ந்த நன்மை" என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொல்லவேண்டும். குற்றமில்லாத நன்மை.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் பாருங்கள். புற்றுநோய் என்று தெரிந்தவுடன் "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், அல்சர்னே இருக்கட்டும்" என்கிறோம். பல வீடுகளில் அந்தப் பொய் அப்பாவுக்கானது இல்லை. அவர் எதிரே உட்கார்ந்து பேச நமக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். அவருக்கு எழுதிவைக்க வேண்டிய பத்திரம் இருக்கலாம். பல வருடமாகப் பேசாமல் விட்ட தம்பி இருக்கலாம். அவராகக் கேட்கும்வரை சும்மா இருப்பது வேறு, கேட்டபிறகும் மழுப்புவது வேறு.

இன்னொரு விஷயத்தில் எனக்குக் கிருஷ்ணரோடேயே சண்டை. பொய் சொன்னால் பாவமில்லாத சந்தர்ப்பங்கள் என்று அதே இடத்தில் ஒரு பட்டியல் வருகிறது. மகாபாரதப் பிரதிக்குப் பிரதி அது கொஞ்சம் மாறும். உயிர் போகும் நேரம், சொத்தெல்லாம் பறிபோகும் நேரம், சரி. கல்யாணமும் அதில் இருக்கிறதே! மாப்பிள்ளையின் நோயை மறைத்து, சம்பளத்தைக் கூட்டிச் சொல்லி நடத்தும் கல்யாணத்தில் யாருடைய உயிர் பிழைக்கிறது? லாபம் முழுக்கப் பொய் சொன்ன வீட்டுக்கு, நஷ்டம் முழுக்க அந்தப் பெண்ணுக்கு. துரோணர் விஷயத்தில் போட்ட கணக்கை இங்கேயும் போட்டால் இது தேறாது. தயவுசெய்து அந்தச் சுலோகத்தைக் கல்யாணத் தரகர் யாரிடமும் சொல்லிவைக்காதீர்கள். அவர்கள் ஏற்கெனவே ஆயிரம் பொய்க் கணக்கில் இருக்கிறார்கள்.