ரெசொல்யூட் மேசையின் கதவு கென்னடி வைத்ததா?

"விக்டோரியா மகாராணி 1880-இல் பரிசளித்த எழுத்து மேசையை அன்று முதல் எல்லா அமெரிக்க அதிபர்களும் ஓவல் அலுவலகத்தில் (வெள்ளை மாளிகையில் அதிபரின் பணியறை) பயன்படுத்தினர், அதன் முன்கதவு, கென்னடி தன் மகன் விளையாடுவதற்காக வைத்தது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பரிசு என்பது மட்டும் உண்மை.

ஓவல் அலுவலகமே 1909-இல்தான் கட்டப்பட்டது! மேசை அங்கே வந்தது 1961-இல், ஜாக்குலின் கென்னடியின் முயற்சியால். ஜான்சன், நிக்சன், ஃபோர்டு மூவரும் அதில் அமரவில்லை. 1977-இல் கார்ட்டர்தான் திரும்பக் கொண்டுவந்தார்.

கதவைக் கேட்டவர் கென்னடிக்கு முன்பு அதிபராயிருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். போலியோவால் செயலிழந்த கால்களில் அணிந்த இரும்புத் தாங்கிகள் பார்வையில் படக் கூடாது என்பது அவர் எண்ணம். பாவம், 1945-இல் அது பொருத்தப்படும் முன்பே இறந்துவிட்டார். கென்னடியின் மகன் அதன் வழியே எட்டிப்பார்க்கும் 1963-ஆம் ஆண்டுப் படம்தான் வதந்திக்கு விதை.

பரிசின் காரணம் அதைவிடச் சுவையானது. ஆர்க்டிக் பனியில் சிக்கி 1854-இல் கைவிடப்பட்ட பிரிட்டிஷ் கப்பல் ரெசொல்யூட். மறு ஆண்டு அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்று அதைக் கண்டெடுத்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 40,000 டாலருக்கு வாங்கி, பழுதுபார்த்து, மகாராணிக்கே திருப்பி அனுப்பியது. பின்னர் உடைக்கப்பட்ட அந்தக் கப்பலின் ஓக் பலகைகளே மேசையாயின.