கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர்தானா? அந்தத் தகவல் தவறு

“கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர்தான் வரலாம், கணவர் வந்தால் மனைவி கையெழுத்துப் போட முடியாது” என்று நெல்லைப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையல்ல. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர்தான். அரசியலமைப்பின் 243ஆவது பிரிவிலும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3ஆவது பிரிவிலும் பார்க்கலாம்.

மடியில் சொளவை வைத்துப் பொழுதெல்லாம் பீடி சுற்றி, கட்டுகளைக் கடையில் ஒப்படைத்துவிட்டு இருட்டில் திரும்பும் அக்காமாருக்குத்தான் எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்று தெரியும். அதைச் சபையில் எழுந்து சொல்லவும், தீர்மானத்தில் எழுதச் சொல்லவும் அவர்களுக்கு முழு உரிமை உண்டு. உள்ளாட்சியில் பாதி இடங்களே பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும்போது, சபைக்கே வராதே என்பது அநியாயம்.

அக்டோபர் 2 அன்று நடக்கும் கிராம சபைக்கு மாமியார், மருமகள் எல்லோரும் போகலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். வந்தால் இதைப் பதிலாகப் போடுங்கள்.