ஹார்ட் டிஸ்க் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றினார் என்று பொருளில்லை

சாட்ஸ்வொர்த் கடையில் வாங்கிய ஒரு டெராபைட் (அதாவது 1000 ஜிபி) ஹார்ட் டிஸ்க் கணினியில் 931 ஜிபி என்றுதான் காட்டுகிறது, மீதியைக் கடைக்காரர் விழுங்கிவிட்டார் என்று மேலே அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் புரிகிறது, ஆனால் எதுவும் குறையவில்லை, அண்ணா.

தயாரிப்பாளர்களுக்கு ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட் (பைட் என்பது சேமிப்பின் சிறிய அலகு). விண்டோஸோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி, ஏறத்தாழ 107 கோடியை ஒரு ஜிபி என்கிறது. அதனால்தான் 1000 என்பது 931 ஆகத் தெரிகிறது. அளவு வேறு, பெயர் மட்டும் அதே. குழப்பம் வராமல் என்ன செய்யும்?

டிஸ்கின் படத்தை வலது சொடுக்கி, 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் மொத்தக் கொள்ளளவு வரியைப் பாருங்கள். 931-க்கு இடப்பக்கம் பைட் கணக்கு இருக்கும்: ஒரு லட்சம் கோடியை ஒட்டிய எண். அதே டிஸ்கை மேக் கணினியில் செருகினால் ஒரு டெராபைட் என்றே காட்டும்.