மாப்பிள்ளை காப்பாற்றிய பீர் ஆலை

பாட்டிலில் "குடும்பத் தயாரிப்பு, நூறு வருஷப் பாரம்பரியம்" என்று போட்டிருந்தாலே நமக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. ஏதோ ரத்தத்திலேயே தொழில் ஓடுகிற மாதிரி. பிரஸ்ஸல்ஸில், ஆண்டர்லெக்ட் பகுதியில் இருக்கும் கான்டியோன் ஆலையின் கதையைப் படித்தால் அது கொஞ்சம் தெளியும்.

1900இல் பால் கான்டியோன் கடை போட்டபோது அவர் பீர் காய்ச்சவே இல்லை. மற்ற ஆலைகளில் லாம்பிக் என்கிற புளிப்பு பீரை வாங்கி, இளசும் பழசுமாகக் கலந்து, 'கூஸ்' என்று விற்றார். சொந்தமாகக் காய்ச்ச ஆரம்பித்தது 1930களின் கடைசியில், அதுவும் பழைய சாமான்களை வாங்கிப் போட்டு.

லாம்பிக் என்பது விசித்திரமான சரக்கு. ஈஸ்ட் என்று யாரும் எதையும் போடுவதில்லை. கொதித்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றை மாடியில் அகலமான, ஆழமில்லாத செம்புத் தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். காற்றில் வருகிற நுண்ணுயிர்கள் விழுந்து மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் மரப்பீப்பாயில் ஒன்றிலிருந்து மூன்று வருஷம். பீருக்குக் கசப்பு தருவதற்காகப் போடுகிற ஹாப்ஸ் பூவும் பழசு. கசப்பு போய்விட வேண்டும், கெடாமல் காக்கிற குணம் இருந்தால் போதும். ஒட்டடைகூட அடிக்க மாட்டார்களாம், பூச்சிகளைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும் என்று. (நம் வீட்டில் இந்தச் சாக்கு எடுபடாது.)

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜனங்களின் நாக்கு இனிப்புக்குப் போனது. பிரஸ்ஸல்ஸில் லாம்பிக் ஆலைகள் வரிசையாக மூடின. இங்கே பாலின் மகன் மார்செலுக்குப் பிறகு தொழிலைக் கையில் எடுத்தது மகனல்ல, மார்செலின் மாப்பிள்ளை ழான்-பியர் வான் ராய். புளிப்பையே நம்பினார். 1978இல் ஆலையை அப்படியே மியூசியமாகத் திறந்துவிட்டார். பீர் விற்காத காலத்தில், பீர் எப்படி உண்டாகிறது என்பதைக் காட்டியே ஆள் சேர்த்தார். என்னைக் கேட்டால், அந்த ஆலையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான். இப்போது நடத்துவது அவர் மகன் ழான். ஆக, லேபிளில்தான் கான்டியோன். நடத்துகிற குடும்பத்தின் பெயர் வான் ராய்.

இன்று உலகம் முழுக்க இந்தப் பாட்டிலைத் தேடுகிறார்கள். "டிமாண்ட் இருக்கிறதே, அதிகம் காய்ச்சினால் என்ன?" என்று கேட்பவர்கள் காலண்டரைப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் மட்டும்தான் காய்ச்ச முடியும். ராத்திரி சூடாக இருந்தால் வேண்டாத கிருமி நுழைந்துவிடும். 2015 நவம்பரில் வெயில் போகாததால் காய்ச்சுவதையே நிறுத்த வேண்டி வந்தது. மெஷின் வைத்துக் குளிரவைக்கலாம்தான். ஆனால் மூடிய குழாய்க்குள் ஆண்டர்லெக்ட் காற்று எப்படி வரும்?