பயிற்சி ஓட்டுநரோடு நின்றுவிடக் கூடாது

பொதுப் போக்குவரத்தில் விபத்து நேர்ந்தாலும், பயணிகளின் புகார்கள் குவிந்தாலும், நிர்வாகத்திடமிருந்து முதலில் வரும் அறிவிப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் புத்தாக்கப் பயிற்சி அளிக்கப்படும். அந்த அறிவிப்பை நான் குறை சொல்லவில்லை. பல டன் எடையுள்ள வண்டியையும் அதற்குள் நெருக்கியடித்து நிற்கும் மனிதர்களையும் ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம் என்றால், அவருக்குத் தொடர்ந்து கற்பிக்க வேண்டியது கட்டாயம். ஆனால் அந்த ஓட்டுநரின் கால அட்டவணையை வகுத்தவரும், அவருக்குப் பணிமுறை ஒதுக்கியவரும், கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவருக்கு உத்தரவிட்டவரும், பணிமனையை நடத்தும் மேலாளரும் என்ன பயிற்சி பெற்றிருக்கிறார்கள் என்ற கேள்வியை ஏறக்குறைய எவருமே எழுப்புவதில்லை. சக்கரத்துக்கு அருகில் இருப்பவரிடமே பிழையைத் தேடிப் பழகிவிட்டோம். மேலே இருப்பவர்களுக்குச் சென்று சேராத பயிற்சியும், தண்டனையின் உருவில் வரும் பயிற்சியும் பயணிகளைக் காப்பாற்றாது என்பதே என் உறுதியான கருத்து.

இதை நான் வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. 2005 ஏப்ரல் 25 அன்று ஜப்பானின் அமகசாகி நகரில் ஒரு பயணிகள் ரயில் தடம் புரண்டு அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் மோதியது. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் இறந்தனர். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய வளைவை அந்த ரயில் சுமார் 116 கிலோமீட்டர் வேகத்தில் எட்டியிருந்தது. ஓட்டுநருக்கு வயது 23. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஒரு நிலையத்தில் நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி ரயிலை நிறுத்தியிருந்தார். அதனால் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான தாமதம் ஏற்பட்டிருந்தது. தாண்டிய தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி நடத்துநரிடம் கேட்டுக்கொண்டார். வளைவை நெருங்கிய வேளையில், நடத்துநர் கட்டுப்பாட்டு அறையிடம் கம்பியில்லாத் தொடர்பில் என்ன சொல்கிறார் என்பதிலேயே அவருடைய கவனம் இருந்திருக்கலாம் என்று 2007-இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது.

எதற்காக அவர் அவ்வளவு அஞ்சினார்? அந்த ரயிலை இயக்கிய நிறுவனத்தில் தவறு செய்த ஓட்டுநர்களுக்கு ‘மறுபயிற்சி’ என்ற ஏற்பாடு இருந்தது. அதில் ஓட்டும் திறனைச் சீர்செய்யும் பயிற்சி குறைவாகவும், நாள் முழுவதும் தன்னிலை விளக்கம் எழுதுவது, மேலதிகாரிகளிடம் ஏச்சு வாங்குவது, களை பிடுங்குவது போன்றவை அதிகமாகவும் இருந்தன. உயிரிழந்த அந்த இளைஞர் முன்பே ஒருமுறை அதற்கு உட்படுத்தப்பட்டவர். பயிற்சி என்ற பெயரில் அவர் கற்றுக்கொண்டது அச்சத்தை மட்டுமே. அந்த அச்சம் வளைவின் முன்பு பிரேக்கை அழுத்த வேண்டிய நொடிகளில் அவருடைய மனத்தை வேறெங்கோ இழுத்துச் சென்றது என்று நினைக்கும்போது, இதை ஒரு தனிமனிதரின் கவனக்குறைவு என்று எழுதி முடிக்க எனக்கு மனம் வருவதில்லை. கற்பிக்க வேண்டிய இடத்தில் அவமதிப்பை வைத்த மேலாளர்களும் அந்த ரயிலின் வேகத்துக்குப் பொறுப்பு. பின்னர் அந்த நிறுவனம் மெல்ல மெல்ல மாறியது. உள்நோக்கமின்றி நேரும் மனிதப் பிழைகளுக்கு ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்ற முடிவை 2016-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விபத்துக்கும் அந்த முடிவுக்கும் இடையே 11 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதே 2016-ஆம் ஆண்டு நவம்பர் 9 அன்று, லண்டனின் கிராய்டன் பகுதியில் ஒரு டிராம் வளைவில் கவிழ்ந்து ஏழு பேர் இறந்தனர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய வளைவில் அது சுமார் 73 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தது. ஓட்டுநர் சில கணங்கள் கண்ணயர்ந்திருக்கக்கூடும் என்பது விசாரணையாளர்களின் முடிவு. என்னை மிகவும் பாதித்தது அதே அறிக்கையின் இன்னொரு பகுதி: தங்கள் பிழைகளைத் தாங்களே தெரிவிக்க அங்கிருந்த ஓட்டுநர்களில் சிலர் தயங்கினார்கள் என்றும், அதனால் நிர்வாகம் கற்றுக்கொண்டிருக்க வேண்டியதைக் கற்றுக்கொள்ளவில்லை என்றும் அது சுட்டிக்காட்டியது. ஓட்டுநர் ஒருவர் ‘நேற்று அந்த வளைவில் தாமதமாகத்தான் பிரேக் பிடித்தேன்’ என்று தன் மேற்பார்வையாளரிடம் தயக்கமின்றிச் சொல்ல முடிந்தால், அந்த வளைவில் ஓர் எச்சரிக்கைப் பலகையோ வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோ விபத்துக்கு முன்பே வந்திருக்கும். அப்படிச் சொல்லும் துணிவை ஓட்டுநருக்கான வகுப்பில் மட்டும் உண்டாக்கிவிட முடியாது. அதைக் கேட்கும் பக்குவம் மேற்பார்வையாளருக்கு வேண்டும். அந்தப் பக்குவமும் முறையாகக் கற்பிக்கப்பட வேண்டிய ஒரு தொழில்திறன்தான்.

கட்டுப்பாட்டு அறையின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2003 பிப்ரவரி 18 அன்று தென்கொரியாவின் டேகு நகரச் சுரங்க ரயிலில் ஒருவர் தீ வைத்தார். நெருப்பின் தீவிரத்தை உணராத கட்டுப்பாட்டு அறை, எதிர்த்திசையில் வந்த ரயிலை எச்சரிக்கையோடு அதே நிலையத்துக்குள் நுழையச் சொன்னது. அந்த ரயிலுக்கும் தீ பரவியது. அதன் ஓட்டுநர் முதன்மைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறியபோது கதவுகள் மூடியே இருந்தன. இறந்தவர்கள் 192 பேர். அவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டாவது ரயிலில் இருந்தவர்கள். ஓட்டுநரின் செயலை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் புகை சூழ்ந்த நிலையத்துக்குள் ஒரு ரயிலை விடக்கூடாது என்று நொடிகளுக்குள் முடிவெடுக்கும் பழக்கம் அந்த அறையில் இருந்தவர்களுக்கு ஏற்படுத்தப்பட்டிருந்தால், அவர் அந்த நிலைக்கே வந்திருக்க மாட்டார்.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2015 ஜனவரி 12 அன்று, வாஷிங்டன் மெட்ரோவின் சுரங்கப் பாதையில் ஒரு ரயில் புகைக்குள் சிக்கி ஒரு பயணி இறந்தார். புகையை வெளியேற்றும் பெரிய விசிறிகளை எந்தத் திசையில், எந்த வரிசையில் இயக்க வேண்டும் என்பதற்கான எழுத்துபூர்வமான நடைமுறை அங்கே இல்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. புகை வருவதாகத் தகவல் கிடைத்தால், அதைச் சரிபார்க்கப் பயணிகளோடு செல்லும் ரயிலையே அனுப்பும் வழக்கமும் அங்கே இருந்திருக்கிறது. கட்டுப்பாட்டு அறைக்கு ஒத்திகை என்பது ஆண்டுக்கு ஒருமுறை நடத்திப் படம் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சியாக இருந்தால், உண்மையான புகை வரும் நாளில் அவரவர் மனத்துக்குத் தோன்றியதைத்தான் செய்வார்கள்.

மேல்மட்டத்துக்குப் பயிற்சி வேண்டும் என்ற பாடம் புதியதும் அல்ல. 1987 நவம்பர் 18 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தின் மரத்தாலான நகரும் படிக்கட்டில் பற்றிய தீ 31 உயிர்களைக் கொண்டு போனது. நிலைய ஊழியர்களுக்குத் தீயணைப்பிலும் மக்களை வெளியேற்றுவதிலும் போதிய பயிற்சி இல்லை என்று ஃபென்னல் என்ற வழக்கறிஞர் தலைமையிலான விசாரணை கண்டது. ஆனால் அது ஊழியர்களோடு நின்றுவிடவில்லை. சிறு தீ விபத்துகள் தவிர்க்க முடியாதவை என்று பல ஆண்டுகளாக ஏற்றுக்கொண்டிருந்த நிர்வாகத்தின் மனநிலையையே அது கேள்விக்கு உட்படுத்தியது. 157 பரிந்துரைகளை முன்வைத்தது. உயர் பொறுப்பில் இருந்தவர்கள் பதவி விலகினார்கள். விபத்து விசாரணை என்பது இப்படித்தான் மேல்நோக்கிச் செல்ல வேண்டும்.

இதுவரை சொன்னவை உயிர் போன நிகழ்வுகள். நாள்தோறும் நடக்கும், யாரும் விசாரிக்காத இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நெடுநேரம் பேருந்தே வராமல் இருந்து, பிறகு ஒரே தடத்தில் இரண்டு மூன்று பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்க்காத பயணி இருக்க மாட்டார். ஓட்டுநர்கள் எங்கோ நின்று பேசிவிட்டுச் சேர்ந்து வருகிறார்கள் என்று பயணிகள் கோபப்படுவது இயல்பு. மேலாளர்களும் அப்படியே எண்ணி விளக்கம் கேட்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏனெனில் இதன் காரணம் 1964-ஆம் ஆண்டிலேயே நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்களால் கணித அடிப்படையில் விளக்கப்பட்டுவிட்டது. ஒரு பேருந்து சற்றே தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் அதற்காகக் காத்திருப்போர் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பார்கள். அவர்கள் ஏறி முடிக்கக் கூடுதல் நேரம் ஆகும். தாமதம் மேலும் வளரும். பின்னால் வரும் பேருந்துக்கோ ஏறுவதற்கு ஆட்கள் குறைவு. அது விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடும். ஓட்டுநர்கள் எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும், இடைவெளியை யாரோ ஒருவர் கண்காணித்துச் சரிசெய்யாதவரை இது தானாகவே நடந்துகொண்டிருக்கும்.

பத்து நிமிடத்துக்கு ஒன்று எனச் சீராக வரும் தடத்தில், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வரும் பயணி சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அதே பேருந்துகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் அவர் காத்திருக்கும் நேரம் பத்து நிமிடம் ஆகிறது. வண்டிகளின் எண்ணிக்கையும் எரிபொருள் செலவும் ஊழியர்களின் உழைப்பும் மாறவில்லை. பயணியின் நேரம் மட்டும் இருமடங்கு வீணாகிறது. இந்த எளிய கணக்கைப் புரிந்துகொண்ட மேலாளர், தடத்தின் நடுவே எந்த வண்டியைச் சற்று நிறுத்தி அனுப்புவது, முனையத்தில் எவ்வளவு ஓய்வு இடைவெளி விடுவது என்று யோசிப்பார். புரியாதவர் ஓட்டுநருக்கு மெமோ கொடுப்பார்.

கால அட்டவணையும் அப்படித்தான். ஒரு நடைக்கு ஆகும் நேரத்தின் சராசரியை எடுத்து அதையே அட்டவணையில் எழுதிவிட்டால், ஏறக்குறைய பாதி நடைகள் தாமதமாகத்தான் முடியும். அந்தத் தாமதம் ஓட்டுநரின் தேநீர் நேரத்தையும், கழிப்பறைக்குச் செல்லும் நேரத்தையும் முதலில் விழுங்கும். பிறகு சாலையில் அவருடைய பொறுமையை விழுங்கும். பயணியிடம் அவர் எரிந்து விழுந்தார் என்ற புகார் வந்ததும் அவரை நற்பண்புப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அட்டவணை எழுதியவருக்குத்தான் அன்று பயிற்சி தேவைப்பட்டது. பணிமுறை ஒதுக்கீடு செய்கிறவர்கள் உறக்கத்தையும் களைப்பையும் பற்றிய அடிப்படை அறிவியலைக் கற்றிருக்க வேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இரவு வெகுநேரம் கழித்துப் பணி முடிந்தவரை அதிகாலைப் பணிக்கு அழைப்பது ஒரு ஆட்பற்றாக்குறைத் தீர்வு அல்ல, அது சாலையில் இறக்கிவிடப்படும் ஆபத்து.

பயிற்சியை எப்படி அளப்பது என்பதிலும் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்முறைப் பேருந்து ஓட்டுநர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு உத்தரவு விதித்தது. பணியில் சேரும்போது மட்டுமல்லாமல் பணிக்காலம் முழுவதும் கற்றல் தொடர வேண்டும் என்று சட்டமாக்கியது பெரிய முன்னேற்றம். ஆயினும் மணிக்கணக்கு ஒன்றே அளவுகோலாகும்போது, வருகைப் பதிவேடு நிரம்புவதே பயிற்சி என்றாகிவிடும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த போக்குவரத்து விதிகள், ஊழியர்கள் தம் பணிக்குத் தேவையான தேர்ச்சியை அடையும்வரை பயிற்றுவிக்கப்பட வேண்டும் என்கின்றன. இது இன்னும் சரியான அளவுகோல் என்று நினைக்கிறேன். சக்கர நாற்காலியில் வரும் பயணியை ஏற்றும் சாய்தளத்தை இயக்கவும், நாற்காலியை உரிய இடத்தில் கட்டிப் பிணைக்கவும், அவரிடமே கேட்டு உதவி செய்யவும் ஓட்டுநருக்குத் தெரிகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. எத்தனை மணி நேரம் வகுப்பில் அமர்ந்திருந்தார் என்பது அல்ல.

தேர்ச்சி என்பது உடலில் ஊறிய பழக்கமாக வேண்டும். ஜப்பானிய ரயில் ஊழியர்கள் சிக்னலை விரலால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லும் முறையை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கருதுகிறேன். 1994-இல் அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனையில், எளிய பணிகளில் நேரும் பிழைகள் இந்த முறையால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன. களை பிடுங்க வைத்த அதே நாட்டில்தான் இதுவும் வளர்ந்தது. முன்னது ஊழியர் தவறக்கூடியவர் என்பதற்காக அவரைத் தண்டித்தது; பின்னது மனிதர் தவறக்கூடியவர் என்பதை ஏற்றுக்கொண்டு அவருக்கு ஒரு துணையைக் கொடுத்தது.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும் என்பதை அறிவேன். ஓட்டுநர் ஒருவர் வகுப்பில் இருக்கும் நாளில் அவருடைய வண்டியை ஓட்ட மாற்று ஓட்டுநர் வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் ஒத்திகை நடக்கும்போது உண்மையான சேவையைக் கவனிக்க இன்னொரு குழு வேண்டும். மாற்று ஆட்கள் இல்லாத நிறுவனத்தில் பயிற்சி தள்ளிப்போடப்படும், அல்லது ஊழியரின் வார விடுப்பு நாளில் நடத்தப்படும். விடுப்பைப் பறிகொடுத்தவர் களைப்போடும் மனக்குறையோடும் வந்து அமர்ந்திருப்பார். ஆகவே பயிற்சிக்கான நிதி என்று பேசும்போது கட்டடத்தையும் ஓட்டுநர் பயிற்சிக் கருவிகளையும் மட்டும் எண்ணாமல், மாற்று ஊழியர்களின் சம்பளத்தையும் அதில் சேர்த்தே எழுத வேண்டும். மேலாளர்களுக்கான பாடத்திட்டத்தில், அவர்கள் வகுத்த அட்டவணைப்படி ஓடும் வண்டியில் முதல் நடையிலிருந்து கடைசி நடைவரை உடன் செல்வது கட்டாயமாக்கப்பட வேண்டும். எந்த விபத்து அறிக்கையிலும் ஓட்டுநரின் பயிற்சி விவரம் வெளியிடப்படும் பக்கத்திலேயே, அன்று பொறுப்பில் இருந்த மேற்பார்வையாளரும் கட்டுப்பாட்டு அறை அலுவலரும் கடைசியாக எப்போது, எதில் பயிற்சி பெற்றார்கள் என்ற விவரமும் வெளியிடப்பட வேண்டும்.